யாரோ மாற்றிச் செருகிய வயர்

போன வாரம் நம் கடையில் வேலை பார்க்கும் உங்களில் ஒருவர் செல்வராணி டீச்சர் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டரைப் பார்க்கப் போய்விட்டு வந்தீர்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். யார் காது சிவந்திருக்கிறது என்று பார்த்து மற்றவர்களே தெரிந்துகொள்ளலாம். திரும்பி வந்து தேநீர் குடித்துக்கொண்டே சொன்னீர்கள்: "யாரோ ஒரு மடையன் உள்ள வயர மாத்திச் செருகி வச்சிருக்கான்லா. எல்லாத்தையும் சரி பண்ணிட்டு வந்துட்டேன்." எல்லாரும் சிரித்தீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

அந்த மடையன் வேறு யாருமில்லை, நான்தான்.

கோபத்தில் இதை எழுதவில்லை. கொஞ்சம் கோபம் இருந்தது, அது அன்று மாலையே ஆறிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமை ஆனால் மலாக்கா காஜா பெராங்கில் இருக்கும் இந்தக் கடைக்கு வந்து, உங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உயிரை வாங்குகிறவள் நான். இத்தனை பேசியும் அந்த வயரின் கதையை மட்டும் உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். என் தொழில் வாழ்க்கையில் நான் மிகவும் பெருமைப்படுகிற வேலை அதுதான். அதைப் போய் ஒருவர் மடையன் வேலை என்று சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா?

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு பிறந்தவள் நான். நாடு வளர நானும் வளர்ந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். ஆயர் குரோ பக்கம் தொழிற்சாலைகள் வந்தபோது எனக்கு வேலை கிடைத்தது. ரிங்கிட் மதிப்பு விழுந்த சமயத்தில் அவை ஒவ்வொன்றாக ஆள் குறைத்தபோது எனக்குக் கடை கிடைத்தது. தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். என் பக்கத்து நாற்காலியில் என் வயதுடைய ஒரு சீனப் பெண் இருந்தாள். பழுதான போர்டு வந்தால் நாங்கள் எல்லாரும் பாய்ந்து எடுத்துத் திருப்பிப் பார்ப்போம். அவள் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பாள். கோயிலில் சாமி பார்க்க வந்தவள் மாதிரி நிற்கிறாளே என்று கேலி செய்வோம். ஆனால் எங்கள் பிரிவில் அவள் கண்டுபிடித்த பழுதுகள்தான் அதிகம். அந்தப் பழக்கம் எப்படியோ எனக்கும் ஒட்டிக்கொண்டது.

செல்வராணி அதே தொழிற்சாலையில் எனக்குப் பின்னால் சேர்ந்தவள். அப்போது அவள் டீச்சர் இல்லை. அவளுக்கும் வேலை போனது. என்னைப் போலக் கடை வைக்க அவளுக்கு ஆசையில்லை. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க வேண்டும், வீட்டிலேயே வகுப்பு வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் கணவன் குமரேசன் செங் வட்டாரத்தில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கடையில் புதிதாக ஒன்று வாங்க வசதியில்லை. அதனால் தானே ஒன்று கட்டித் தருகிறேன் என்று கிளம்பினான்.

கட்டினான் என்றால் உண்மையிலேயே கட்டினான். இழுத்து மூடிய சைபர் கஃபே ஒன்றிலிருந்து கேசிங் பெட்டி வந்தது. மதர்போர்டு என் கடையில் தூசி படிந்து கிடந்தது. ராம் என்கிற மெமரி இரண்டு துண்டு, இரண்டும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள். சனிக்கிழமை சனிக்கிழமையாக என் கடைக்கு வந்து, ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டுக்குப் போய் மாட்டுவான். போர்க்லிப்ட் ஓட்டுகிற கை அல்லவா, பெரிய கை. அந்தக் கையால் அவன் ராமைப் பிடிப்பதைப் பார்த்தால் குருவிக்குஞ்சைப் பிடித்திருப்பது போலிருக்கும். முதன்முதலாகத் திரையில் வெளிச்சம் வந்த அன்று கடைக்கு வந்து எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தான்.

அவன் அண்ணன் பரமசிவத்துக்கு இது பிடிக்கவில்லை. அவர் ஆயர் குரோவில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தார். கெட்டவர் இல்லை. தம்பிக்கு நல்லது செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்தான். ஆனால் வீட்டில் கட்டிய கம்ப்யூட்டர் என்றாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

வகுப்பை விஜயதசமி அன்று தொடங்குவது என்று செல்வராணி முடிவு செய்தாள். பிள்ளைகளுக்குப் படிப்பு தொடங்கி வைக்க அதைவிட நல்ல நாள் ஏது? அந்த ஆண்டு அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது இன்னும் வசதி. காலையில் நல்ல நேரம், நண்பகலில் எமகண்டம் பிறந்துவிடும், அதற்குள் முதல் பிள்ளை முதல் எழுத்தைத் தட்டிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

என் கடை வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆயுத பூஜை அன்று கடையில் இருக்கும் ஸ்குரூ டிரைவர், இடுக்கி, சாலிடர் கம்பி, மல்டிமீட்டர் எல்லாம் மஞ்சள் துணி மேல் சரஸ்வதி படத்துக்கு முன்னால் படுத்துவிடும். மறுநாள் ஐயர் வந்து கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுப்போம். ஐயர் ஊரில் உள்ள கடைகளையெல்லாம் சுற்றிவிட்டு வருவதற்குள் பாதி நாள் போய்விடும். அதுவரை ஒரு ஆணியைக்கூடத் திருகமாட்டேன். வருடம் முழுக்க எனக்கு உழைக்கும் பொருளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு, பாதியில் எழுப்பி வேலை வாங்குவது மரியாதையில்லை என்பது என் கட்சி.

அன்று காலை கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. செல்வராணி.

"அக்கா, கொஞ்சம் வாங்கக்கா. கம்ப்யூட்டர் ஏறுது, உடனே செத்துருது. நேத்துப் பூச போடுற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. பிள்ளைங்க வர ஆரம்பிச்சிட்டாங்க."

சரஸ்வதி படத்தைத் திரும்பிப் பார்த்தேன். கருவிகள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு அமைதியாகப் படுத்திருந்தன. ஒரு ஸ்குரூ டிரைவரையாவது உருவிக்கொள்ளலாமா என்று மனம் சொன்னது. சாமி கோபித்துக்கொள்ளாது, எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு நானே வைத்துக்கொண்ட வழக்கத்தை அவசரம் வந்த முதல் நாளே உடைத்தால் அதற்குப் பெயர் வழக்கமா? வெறும் கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவர்கள் வீடு பக்கத்துத் தாமான் குடியிருப்பில்தான். முன்கூடத்தில் பாய் விரித்து, பிள்ளைகளும் அம்மாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் மடியிலும் ஒரு மணிலா அட்டை. இருப்பது ஒரே கம்ப்யூட்டர் என்பதால், செல்வராணி அட்டையில் கீபோர்டு வரைந்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தாள். அட்டையில் தட்டிப் பழகிவிட்டு முறை வரும்போது நிஜக் கீபோர்டுக்கு வர வேண்டும். எழுத்துகளை அத்தனை நேராக எழுதியிருந்தாள். அந்த அட்டைகளைப் பார்த்ததும் இந்த வகுப்பு இன்று தொடங்காமல் போகக்கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம் வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் மேசை மேல் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. மானிட்டருக்கு மாலை. மானிட்டர், கீபோர்டு, மௌஸ், கேசிங், மேசைக்கால், நாற்காலி என்று ஒன்றையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. குமரேசன் கேசிங்கின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரு ராமைக் கையில் பிடித்துக்கொண்டு வியர்த்து நின்றான். பரமசிவம் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"மதர்போர்டு போச்சு சிஸ்டர். இல்லாட்டி பவர் சப்ளை. பழைய சாமான வச்சுக் கட்டுனா இதான் கதி. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நான் போயி எங்க கடையிலேர்ந்து ஒன்னத் தூக்கிட்டு வந்துடுறேன். ரெண்டு நாளைக்குச் சும்மா வச்சிக்கட்டும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆயர் குரோ போய் வருவதற்குள் நல்ல நேரம் ஓடிவிடும், அது ஒன்றுதான் குறை. பாயில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. "பூச போட்ட மறுநாளே ரோசாக் ஆனா, ஆரம்பமே சரியில்லையே." கெட்டுப்போனதற்கு அவர் சொன்ன மலாய் வார்த்தை அந்தக் கூடத்தில் சாபம் மாதிரி விழுந்தது. செல்வராணி சுவரோரம் நின்று சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது யாருக்கு என்ன போகப்போகிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நேரம் தவறினால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று நாம் சொல்லலாம். ஆனால் விஜயதசமி அன்று தொடங்க முடியாமல் போன வகுப்புக்கு எந்த அம்மா பிள்ளையை அனுப்புவார்? கடைக் கம்ப்யூட்டர் வந்தாலும், அண்ணன் கொண்டு வந்ததில் தொடங்கினார்கள், தம்பி கட்டியது முதல் நாளே படுத்துவிட்டது என்றுதான் ஊர் பேசும். செல்வராணிக்கு அந்த வகுப்பு போய்விட்டால் வேறு வேலை கிடையாது.

"அக்கா, எத மாத்தலாம்?" என்றான் குமரேசன்.

"முதல்ல அந்த ராமை இருந்த இடத்துல போடு. அப்புறம் கைய எடு."

இதை உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். பயம் வந்தால் கை வேலை செய்யத் தொடங்கிவிடும். இதைக் கழற்று, அதை மாட்டு, அப்புறம் எது முதல் பழுது, எது நாம் செய்த பழுது என்று தெரியாது. நான் தொட்டது ஒன்றே ஒன்று. ஹார்டு டிஸ்க்கின் வயரைப் பிடுங்கி வைத்தேன். பல மாதமாகச் செல்வராணி தயாரித்த பாடமெல்லாம் அதில்தான் இருந்தது. மற்றது எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம், அது போனால் வராது.

பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் வேறு வழியும் இல்லை. ஸ்குரூ டிரைவர் இருந்திருந்தால் நானும் பவர் சப்ளையைக் கழற்றப் போயிருப்பேனோ என்னவோ.

"ஒரு தடவ ஏத்து," என்றேன்.

குமரேசன் பொத்தானை அமுக்கினான். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. 'பீப்' என்று ஒரு சத்தமும் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதுமே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. மதர்போர்டும் ராமும் நன்றாக இருந்தால்தான் அது வரும். அடுத்த கணம் எல்லாம் அடங்கியது. எல்லாரும் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானிட்டரில் ஒன்றும் வராது என்று தெரிந்த பிறகும் அதையேதான் பார்ப்பார்கள், மனித சுபாவம்.

"இன்னொரு தடவ."

இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். மூன்றாம் முறையும் எண்ணினேன். மூன்றிலும் ஒரே எண்ணில் அணைந்தது. கொஞ்சம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

"சூடு ஏறுதாக்கா?" என்றான் குமரேசன்.

சூடாக இருந்தால் ஏற்ற ஏற்ற இன்னும் சீக்கிரம் அணைய வேண்டும். பவர் சப்ளை பலவீனமாக இருந்தால் ஒரு முறை தாங்கும், ஒரு முறை தாங்காது. எங்காவது ஷார்ட் ஆகியிருந்தால் ஏறவே ஏறாது. கெட்டுப்போன பொருளுக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது. இத்தனை வருட வேலையில் நான் பார்த்தவரை பழுது என்பது சோம்பேறி, நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகாது. இந்த மெஷின் அலுவலகக் குமாஸ்தா மாதிரி நேரம் பார்த்து அணைந்தது. அப்படியென்றால் அது கெடவில்லை. யாரோ அணைக்கச் சொல்கிறார்கள், அது கீழ்ப்படிகிறது.

நம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். மெஷின் ஸ்தம்பித்து நின்றுவிட்டால் என்ன செய்வோம்? முன்னால் இருக்கும் பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடிப்போம், கொஞ்ச நேரத்தில் அணையும். எப்போதும் அதே அளவு நேரம். ஆனால் இங்கே யார் விரலும் பொத்தான் மேல் இல்லை. குமரேசன் தொட்டதுமே கையை எடுத்துவிட்டான், நானே பார்த்தேன்.

அப்போதுதான் மானிட்டரை விட்டுவிட்டுப் பொத்தானைப் பார்த்தேன்.

நெற்றியில் வைப்பது போல, பெரிய வட்டப் பொத்தானின் நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். வைத்த கை தாராளமான கை. சந்தனம் வழிந்து பொத்தானைச் சுற்றியிருந்த இடுக்கில் இறங்கி, ஓர் இரவில் காய்ந்து கெட்டியாகியிருந்தது. கட்டைவிரலால் மெல்ல அமுக்கினேன். உள்ளே போனது, மெஷின் ஏறியது. பொத்தான் மட்டும் வெளியே வரவில்லை. உள்ளேயே உட்கார்ந்து யோசித்துவிட்டு, மெஷின் அணைந்த பிறகுதான் மெல்ல மெல்ல வெளியே வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமும் வந்தது. குமரேசன் கட்டியதில் ஒரு குறையும் இல்லை. அவன் மாட்டிய ஒவ்வொன்றும் அதனதன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். பழுதைக் கண்டுபிடித்தாயிற்று, ஈரத்துணி கொண்டு வா, துடை, முடிந்தது. கண்டுபிடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, அந்தக் கூடத்தில் இருந்தவர்கள்.

பொட்டு வைத்தது யார் என்று கேட்கத் தேவையில்லை. அத்தனை அம்மாக்கள் முன்னால் நான் ஈரத்துணியை எடுத்து, விஜயதசமி காலையில், பூஜைச் சந்தனத்தைச் சுரண்டி எடுத்துக் காட்டினால் என்ன ஆகும்? "டீச்சர் வச்ச பொட்டாலதான் கம்ப்யூட்டர் படுத்திருச்சாம்" என்று அன்று சாயங்காலமே புக்கிட் ரம்பாய் வரை போய்விடும். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கப் போகிறவளுக்கு அதைவிட வேறு கெட்ட பெயர் வேண்டாம். தொழில் ரீதியாகவும் அது சரியில்லை. காய்ந்த சந்தனத்தில் தண்ணீர் பட்டால் கரைந்து இன்னும் உள்ளே இறங்கும். பொத்தானைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும், அதற்குக் கருவி வேண்டும். என் கருவிகள் ஐயருக்காகக் காத்திருந்தன.

முதலில் என் பக்கத்தில் நின்ற இரண்டு ஆண்களுக்கும் வேலை கொடுத்தேன். பதறுகிறவர்களைச் சும்மா நிற்க வைக்காதீர்கள், பதற்றம் பரவும்.

"அண்ணே, நல்ல நேரம் எதுவரைக்கும்னு காலண்டரப் பாத்து சொல்லுங்க. குமரேசா, வந்தவங்களுக்கு ஒன்னும் குடுக்கலியா? தேத்தண்ணி கலக்கிக் கொண்டா."

"மெஷினு?" என்றார் பரமசிவம்.

"அது எங்க போவப்போவுது?"

இருவரும் போனார்கள். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். திறந்திருந்த பக்கவாட்டு வழியாகக் கையை விட்டேன். முன்பக்கப் பொத்தானிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய வயரை நகத்தால் நெம்பி உருவினேன். இப்போது சந்தனம் பூசிய பொத்தான் எத்தனை நேரம் உள்ளே உட்கார்ந்தாலும் மெஷினுக்குத் தெரியாது. மறுபடி சுவிட்சைப் போட்டு, யார் கண்ணிலும் படாமலிருக்க மானிட்டரை அணைத்துவிட்டு, என் மோட்டார் சாவியின் நுனியால் போர்டில் அந்த வயர் செருகியிருந்த இரண்டு ஊசிகளையும் ஒரு கணம் தொட்டேன். விசிறி சுற்றியது. நான் எண்ணினேன். அணைய வேண்டிய எண் வந்தது, போனது. விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை என்று சொன்னால் நம்புங்கள்.

சரி, ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு நாளும் செல்வராணி கேசிங்கைத் திறந்து சாவியால் தொட முடியாதே. பெரிய பொத்தானுக்குக் கீழே கடுகளவில் இன்னொரு பொத்தான் இருந்தது. ரீசெட் பொத்தான். அவ்வளவு சின்னது, செல்வராணியின் கண்ணில் அது படவே இல்லை. அந்தக் கூடத்தில் பொட்டு வைக்காத பொருள் அது ஒன்றுதான். மெஷினை மறுபடி அணைத்து, அந்தச் சின்னப் பொத்தானின் வயரை உருவி, பெரிய பொத்தானின் வயர் இருந்த இடத்தில் செருகினேன். இனி சின்னதுதான் ஏற்றும் பொத்தான். பெரியது வெறும் அலங்காரம். டிஸ்க்கின் வயரைத் திரும்ப மாட்டினேன். தகட்டைக் கையால் தள்ளி மூடி, மானிட்டரைப் போட்டேன். குமரேசன் தட்டில் கோப்பைகளோடு வருவதற்குள் முடிந்துவிட்டது.

"என்னா கெட்டிருந்துச்சு?" பரமசிவம் காலண்டரைக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

"ஒன்னும் கெடலண்ணே. ஒங்க தம்பி கட்டுனதுல ஒரு சாமான்கூடக் கெடல. ஒரு வயரு மட்டும் எடம் மாறணும், மாத்திட்டேன்."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பரமசிவம் கேசிங்கைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "பரவால்ல," என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம். குமரேசன் முதல் கோப்பையை அண்ணனிடம் நீட்டினான்.

முன்வரிசையில் ஒரு சிறுமி இருந்தாள். பக்கத்துக் கம்பத்து மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் வீட்டில் பேசுவது மலாய்தான், சாமி கும்பிடுவது நம்மைப் போல. அவள் மடியில் இருந்த அட்டையில் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டேன். இன்று படிப்பு தொடங்குகிற நாள், மெஷினையும் ஒரு பிள்ளையே தொடங்கி வைக்கட்டும் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவள் விரல் பெரிய பொத்தானை நோக்கிப் போனது. சின்னதைக் காட்டினேன்.

"தெக்கான் சினி, ஆன்ட்டி?" இங்கேயா அமுக்க வேண்டும் என்று கேட்டாள்.

"அங்கதான்," என்று தலையாட்டினேன்.

அமுக்கினாள். விசிறி சுற்றியது. 'பீப்'. செல்வராணி கண்ணை மூடிக்கொண்டாள். அணைகிற நேரம் வந்து கடந்து போனது எனக்கு மட்டும்தான் தெரியும். திரையில் வெளிச்சம் வந்தபோது யாரோ கைதட்டினார்கள். சகுனம் பேசிய அந்த அம்மாவே கன்னத்தில் போட்டுக்கொண்டார். செல்வராணி வந்து அந்தச் சிறுமியின் விரலைப் பிடித்து முதல் எழுத்தைத் தட்ட வைத்தாள். எமகண்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு செல்வராணியை அடுப்படிக்குக் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன். வாடிக்கையாளருக்கு முழு உண்மையும் தெரிய வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. எங்கே, யார் இல்லாதபோது சொல்வது என்பதுதான் நம் பொறுப்பு.

அவள் முகம் வெளுத்தது. "நான் வச்ச பொட்டாக்கா? நெத்தியில வைக்கிற மாதிரி பாத்துப் பாத்துதான் வச்சேன்."

"நல்லாத்தான் வச்ச. கொஞ்சம் தாராளமா வச்சிட்ட."

பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நாளைக்குக் கருவியோடு வந்து பொத்தானைக் கழற்றிச் சுத்தம் செய்து, வயரைப் பழையபடி மாற்றித் தருகிறேன் என்றேன்.

"வேணாங்கக்கா. அப்படியே வுட்டுருங்க. பெருசு சாமிக்கு இருக்கட்டும். சின்னது பிள்ளைங்களுக்கு."

நான் கடைக்குத் திரும்பியபோது ஐயர் வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். கற்பூரம் காட்டி முடித்ததும் முதலில் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நீ இல்லாமலே ஒரு வேலை முடித்துவிட்டு வந்தேன் என்று அதனிடம் சொன்னேன். இன்றுவரை எனக்கு அதில் கர்வம்தான்.

செல்வராணியின் வகுப்பு வளர்ந்தது. முன்கூடம் போதாமல் பின்னால் கொட்டகை இறக்கினார்கள். அதன் பிறகு வந்த ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் குமரேசனே கட்டினான். ஒவ்வொன்றிலும் கடைசி வேலையாக அந்த வயரை இடம் மாற்றிச் செருகுவான். போன வாரம் நீங்கள் பார்த்ததும் அவற்றில் ஒன்றுதான்; கை அவனுடையது, மடையன் வேலை என்னுடையது. அந்த வீட்டில் படித்த பிள்ளைகள் எல்லாரும் சின்னப் பொத்தானை அமுக்கித்தான் கம்ப்யூட்டர் கற்றார்கள். அவர்களில் இரண்டு பேர் இதே கடையில் என்னிடம் வேலை பார்த்துவிட்டுத் தங்களுக்கென்று கடை வைத்துப் போயிருக்கிறார்கள்.

வயர் இடம் மாறியிருந்தால் யாரோ தெரியாமல் செய்தது என்று நினைக்கத்தான் தோன்றும். ஆனால் சுத்தமாகக் கட்டிய ஒரு மெஷினில், எல்லா வயரும் அழகாக முடிந்து வைத்திருக்கும்போது, ஒன்று மட்டும் இடம் மாறியிருந்தால் அதைச் செய்தவனுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். தொடுவதற்கு முன்னால் அந்த வீட்டு ஆளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். செல்வராணி பக்கத்து அறையில்தான் பாடம் எடுத்துக்கொண்டிருந்திருப்பாள்.

போகட்டும், காது சிவந்தவரே, உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அடுத்த வாரம் ஆயுத பூஜை. செல்வராணி அந்த மெஷினுக்குப் பொட்டு வைப்பாள். அவள் கை இன்னும் தாராளமான கைதான். நீங்கள் சரி செய்து வைத்திருக்கிற பெரிய பொத்தான் இப்போது வேலை செய்கிறது. மறுநாள் காலையில் புதுப் பிள்ளைகள் வந்து பாயில் உட்காருவார்கள்.

அதற்குள் போய் மாற்றிவிட்டு வாருங்கள். ஸ்குரூ டிரைவர் எடுத்துப்போக வேண்டாம். அந்த வேலைக்கு நகம் போதும்.